நடை சாத்தத் தெரியாத கடை

2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19ஆம் தேதி, மங்கை தன் வாயால் சொல்லாத வார்த்தை ஒன்று அவள் பெயரைப் போட்டுக்கொண்டு மூன்று ஊர்களுக்குப் போனது. அந்த நேரத்தில் அவள் சின்ன காஞ்சிபுரத்தில் தன் வீட்டுச் சமையலறையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வார்த்தை போனது அவளுக்குத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று.

மங்கை உற்சவர்களுக்கு வஸ்திரம் தைப்பவள். 1961ல் பிறந்து, 1982ல் ஸ்ரீகருக்கு வாழ்க்கைப்பட்டு, கணவர் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தராக இருக்க, முப்பத்து மூன்று வயதுவரை ஊசியில் நூல் கோப்பதைத் தவிர வேறு தையல் அறியாமல் இருந்தவள்தான். 1994 ஆவணியில் பக்கத்துத் தெரு பஜனை மண்டபத்தில் ஆண்டாளுக்குப் புடவை சாத்த அர்ச்சகருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. கொசுவம் நழுவ, அவர் குண்டூசி தேட, பஜனைக்காரர்கள் பாடியதையே மறுபடி பாடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த மங்கை, ஒரு பட்டுத் துண்டில் கொசுவத்தை முன்கூட்டியே மடித்துத் தைத்து, இடுப்பில் நாடா வைத்துக் கொடுத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அர்ச்சகர் தன் மைத்துனரிடம் சொன்னார். மைத்துனர் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கோயிலில் இருந்தார். அப்படித்தான் தொழில் தொடங்கியது.

பெருமாள் திருமேனியை இத்தனை அங்குலம் என்று சொல்வது மங்கைக்குப் பிடிக்காது. டேப் வைத்து அளப்பது அதைவிடப் பிடிக்காது. அதனால் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். அந்தந்தக் கோயில் அர்ச்சகர் மஞ்சள் தடவிய பருத்தி நூலைப் பிடித்து, தோளில் ஒரு முடிச்சு, இடையில் ஒன்று, முழங்காலில் ஒன்று, திருவடியில் ஒன்று என்று நான்கு முடிச்சுப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். வந்த நூலை ஒரு சிறு துணிப் பையில் போட்டு, விலாசம் எழுதிய சீட்டை உள்ளே வைத்து, தகரப் பெட்டியில் அகர வரிசையில் அடுக்குவாள். 2005 பங்குனியில் அந்தப் பெட்டியில் எண்பத்தாறு பைகள் இருந்தன. தைத்துக் கொடுத்த வஸ்திரங்கள் முந்நூற்றுப் பதினெட்டு. ஒன்றுகூடச் சொன்ன தேதி தாண்டிப் போனதில்லை. இது அவளே நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்கு. அவளுக்கு இருந்த ஒரே கர்வமும் அதுதான்.

கரையில் வரும் ஜரிகைப் பூவேலை அஹமது பாஷாவுடையது. பெரிய காஞ்சிபுரத்துக்காரர், மங்கையைவிடப் பதினான்கு வயது மூத்தவர். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஜரிகைக் கம்பியையும் ஜிகினாவையும் வைத்துத் தைப்பதில் அவர் குடும்பத்துக்கு ஐந்து தலைமுறைப் பழக்கம். 1996ல் ஒரு பட்டுக் கடையில் துண்டுத் துணி வாங்கப் போன இடத்தில் பழக்கம். பெருமாள் வஸ்திரத்தில் பாய் கை படலாமா என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டபோது மங்கை, “படாம எப்படித் தைப்பார், மாமி?” என்று கேட்டாள்.

வெளிநாட்டிலிருந்து கடிதம் வருவது 1999ல் மின்னஞ்சல் வருவதாக மாறியது. செவ்வாயும் வெள்ளியும் காலை பதினொரு மணிக்கு மங்கை பெரிய காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறி, ‘ஜெயம்மாள் பிரவுசிங் சென்டர்’ போவாள். ஜெயம்மாள், உரிமையாளர் தாவீதின் அம்மா பெயர். தாவீதுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டியே கற்றுக்கொண்டவன். 2004ல் வந்த நாற்பத்தொரு ஆர்டரில் இருபத்து மூன்று வெளிநாடு. எல்லோரும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள்: என்ன நிறம் இருக்கிறது, எப்படி அளப்பது, எத்தனை நாளாகும். மங்கை ஒற்றை விரலால் ஒரே பதிலை அடித்துக்கொண்டிருந்தாள்.

“மாமி, இத்தையே பத்து தபா அடிச்சிக்கினு இருக்கீங்க. வெப்சைட் ஒண்ணு போட்டுட்டா அவங்களே பாத்துக்கினு போயிடுவாங்கல்ல?” என்றான் தாவீது.

“போட்டா எந்தத் தேதியும் தப்பாம இருக்குமா?”

“தப்பவே தப்பாது.”

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தாவீது பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறான்.

2005 பிப்ரவரியில் அதே சென்டருக்குச் சென்னையிலிருந்து தனசேகரன் வந்தான். நுங்கம்பாக்கத்தில் இருந்த ஒரு நிறுவனத்தின் ஆள். இருபத்தெட்டு வயது, கழுத்தில் டை, கையில் வழவழப்பான தாள்கள். சிறு கடைக்காரர்களுக்கு இணையத்தில் தயார் நிலையில் கடை கொடுப்பது அவர்கள் தொழில்.

“மேடம், நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம். கடை எங்க சர்வர்ல இருக்கும். போட்டோ ஏத்துங்க, விலையைப் போடுங்க. கார்டுல பணம் வாங்குறது, வாங்கினவங்களுக்கு மெயில் போறது எல்லாம் ஆட்டோமேட்டிக். மாசம் எழுநூத்தம்பது. இருபத்துநாலு மணி நேரமும் கடை திறந்தே இருக்கும்.”

தாவீதுக்கு இது பொறுக்கவில்லை. “அது அவங்க கடை மாமி. அவங்க பேரு முன்னாடி வரும், அப்பால ஒரு கோடு போட்டு உங்க பேரு. நான் இன்னா சொல்றேன்னா, உங்க பேர்லயே ஒரு முகவரி வாங்கிக்கலாம். வருஷ வாடகைக்கு இடம் எடுத்துக்கலாம். கடை புரோகிராம் இலவசமாவே கிடைக்குது, நான் ஏத்திக் குடுக்கறேன். உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி மாத்திக்கலாம்.”

மங்கை கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தாள், காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், பதினேழு. ஒவ்வொன்றாக இருவரிடமும் கேட்டாள். இன்னொருவர் நம் படத்தை எடுத்துப் போட்டுக்கொண்டால் என்ன செய்வது? பணம் எத்தனை நாளில் வங்கிக்கு வரும்? பதினோராவது கேள்வியில் தாவீது மாட்டிக்கொண்டான்.

“கடை படுத்துடுத்துன்னா யாரு எழுப்பறது?”

“நான்தான் மாமி.”

“நீ செப்டம்பர் வந்தா வேளாங்கண்ணிக்குப் போயிடறயே. எட்டு நாள்.”

தனசேகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “எங்ககிட்ட ஷிஃப்ட்ல பதினாறு பேர் உக்காந்திருக்காங்க மேடம்” என்றான்.

அஹமது பாஷாவிடம் சொன்னபோது அவர் ஜரிகையை மெழுகில் இழுத்துக்கொண்டே, “ரெண்டு பேரும் மெஷின் விக்கிறவன் மாதிரியே பேசறாங்கம்மா. நீ இன்னா துணி தைக்கிறேன்னு ஒருத்தனும் கேக்கலையே” என்றார். மங்கை அதை அவருடைய வழக்கமான கிண்டல் என்று எடுத்துக்கொண்டாள். பதினாறு பேர் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தனசேகரனுக்கே சரி சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், வியாழக்கிழமை, கடை திறந்தது. அழகாகவே இருந்தது. மஞ்சள் பீதாம்பரத்தின் படம் திரையில் மெல்ல மெல்ல மேலிருந்து கீழே இறங்கியதைப் பார்த்து மங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரே ஒரு தொல்லை. அந்த நிறுவனம் தன் படிவத்தைச் சுரிதார் விற்பவர்களுக்காகச் செய்திருந்தது. அளவு என்ற இடத்தில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்ற மூன்றில் ஒன்றைத் தொட்டாக வேண்டும். மங்கை எல்லோரையும் மீடியத்தைத் தொட்டுவிட்டு நூலைத் தபாலில் அனுப்பச் சொன்னாள். இரண்டு மாதத்தில் கடல் கடந்த பெருமாள்கள் அத்தனை பேரும் மீடியம் ஆனார்கள். ஒன்பது வஸ்திரங்கள் போயின. ஒன்பதும் தேதி தப்பாமல் போயின.

ஜூன் 18, சனிக்கிழமை காலை ஆறு பத்துக்குத் தொலைபேசி அடித்தது. ஸ்ரீகர் பேசிவிட்டு வந்து, “நாக்பூர் அச்சுதன் போயிட்டாராம்” என்றார்.

“யாரு அது?”

“எங்க கொள்ளுத்தாத்தாவோட தம்பி வழி. நானும் பார்த்ததில்லை.”

“பத்து நாளா?”

“பத்து நாள்தான். இருபத்தேழாந்தேதி வரைக்கும்.”

பங்காளி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தீட்டு தீட்டுதான். மங்கை தையல் மெஷினை உறை போட்டு மூடினாள். தையல் அறைக் கதவைச் சாத்தினாள். இனிப் பத்து நாள் பட்டையோ நூலையோ தகரப் பெட்டியையோ தொடக் கூடாது. புதிதாகப் பெருமாள் காரியம் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. இதற்குமுன்னும் மூன்று நான்கு முறை இப்படி வந்திருக்கிறது. வாசலில் கோலம் இல்லாததைப் பார்த்தால் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், யாரும் வேலை கொண்டு வர மாட்டார்கள். கடிதம் எழுதியவர்களுக்குப் பதினோராம் நாள் பதில் போகும். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருந்ததே இல்லை. பதினேழு கேள்வி எழுதியவளுக்குப் பதினெட்டாவது தோன்றாமல் போனதற்குக் காரணம் அதுதான். அவள் அறிந்த கடை தானாகவே மூடிக்கொள்ளும் கடை.

செவ்வாய்க்கிழமை, 21ஆம் தேதி, சென்டரில் உட்கார்ந்து கடையைத் திறந்து பார்த்தாள். மூன்று புது ஆர்டர்கள், மூன்றும் ஞாயிற்றுக்கிழமை வந்தவை. மூன்றுக்கும் கடை தானே பதில் அனுப்பியிருந்தது: ‘நன்றி. தங்கள் ஆர்டரை ஏற்றுக்கொண்டேன். ஜூலை 1ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுவேன். இப்படிக்கு, மங்கை.’

“நான் எப்போ ஏத்துண்டேன்?” என்றாள்.

“ஆட்டோமேட்டிக் மாமி” என்றான் தாவீது, மெதுவாக.

அங்கிருந்தே தனசேகரனைக் கூப்பிட்டாள்.

“பத்து நாள் கடையை மூடணும்.”

“மூடறதா? அப்படி ஒரு ஆப்ஷனே இல்ல மேடம். திறந்திருக்கறதுதானே நம்ம ப்ளஸ் பாயிண்டே.”

“பெருமாளுக்கே மத்தியானம் நடை சாத்தறா. உங்க கடையைச் சாத்த முடியாதா?”

“பொருளையெல்லாம் டெலிட் பண்ணிட்டு, அப்புறம் திருப்பி ஏத்திக்கலாம் மேடம்.”

“வந்துட்ட மூணுக்கு என்ன பண்றது?”

“கேன்சல் பண்ணலாம். ஆனா மூணும் கேன்சல்னா கடை ரேட்டிங் விழுந்துடும்.”

“அது விழட்டும். அவா போன் நம்பரைக் குடுங்கோ, நானே பேசிக்கறேன்.”

“கஸ்டமர் விவரம் குடுக்கக் கூடாது மேடம், ரூல்ஸ். அனுப்பற அன்னைக்குத்தான் அட்ரஸ் சீட்டு வரும். நீங்க மெசேஜ் எழுதுங்க, நாங்க அவங்களுக்குத் தள்ளிவிடறோம்.”

மங்கை மூன்று செய்தி எழுதினாள். தாவீது பொருள்களை ஒவ்வொன்றாக அழித்தான். லண்டன், நியூ ஜெர்சி ஆட்களைப் பற்றித் திரையில் இருந்தது ஊரும் பெயரின் முதல் எழுத்தும்தான். மூன்றாவதில் மட்டும் குறிப்புக் கட்டத்தில் ஆர்டர் கொடுத்தவர் தானே எழுதியிருந்தார்: ‘ஈப்போ பெருமாள் கோயில், மலேசியா. ஜூலை 10 சம்ப்ரோக்ஷணம் (கும்பாபிஷேகம்). பெருமாளுக்கும் நாச்சியார்கள் இருவருக்கும். நூல் 2001லேயே அனுப்பியிருக்கிறோம். துரைக்கண்ணு, செயலாளர்.’

விலாசம் இருக்கிறது, தகரப் பெட்டியில். ஆனால் பெட்டியைத் தொட முடியாது.

அன்று நாலு மணிக்கு அஹமது பாஷா டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார். கோலமில்லாத வாசலைப் பார்த்தார்.

“யாரும்மா?”

“நாக்பூர்ல ஒருத்தர்.”

“ரொம்ப நெருக்கமா?”

“பார்த்ததே இல்லை, பாய்.”

“பாக்காதவருக்கே பத்து நாளா? எங்கள்ல மூணு நாள்தான்.”

“ஏழு தலைமுறைக் கணக்கு பாய் இது.”

“ஏழு தலைமுறைக்கு முன்னாடி எங்க ஆளுங்க ஆற்காட்ல இருந்தாங்க. அவங்க பேரன் பேத்தியெல்லாம் கணக்கு வெச்சா நான் வருசம் பூரா சட்டத்த மடிச்சி வெச்சிட்டுக் குந்திக்கினு இருக்கணும்.”

மங்கை மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். ஈப்போ ஆர்டர் கதையைச் சொல்லிவிட்டு, தையல் அறை நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டு வழி சொன்னாள். “மேல் வரிசை. ஈகாரத்துல பாருங்கோ. நீலப் பை.” பாய் பையை எடுத்துச் சீட்டைப் பிரித்து, எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். அவள் எழுதிக்கொண்டாள். பிறகு அவர் பையிலிருந்த மூன்று நூல்களையும் வெளியே எடுத்து, முடிச்சைத் தடவிப் பார்த்து, மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“நூலை எங்க எடுத்துண்டு போறேள்?”

“எந்த நூலு?”

“பாய்.”

“நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. எனக்குத் தீட்டு இல்லல்ல?”

கரைவேலைக்கு ஆறு ஏழு நாள் ஆகும். அதை அவர் இப்போதே ஆரம்பித்தால் இருபத்தெட்டாம் தேதிக்குத் தயாராக இருக்கும், தையலுக்கு நான்கு நாள் போதும். இதை இருவரும் அறிவார்கள். ஆனால் ஆர்டர் இன்னும் கையில் இல்லை. ஈப்போக்காரர்கள் வேறு இடத்தில் கொடுத்துவிட்டால் பாயின் உழைப்பும் ஜரிகையும் அவர் தலையோடு போகும். செய்யுங்கள் என்று சொல்ல அவளுக்கு உரிமையில்லை. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அங்கேயே நின்றாள்.

சாயங்காலம் எஸ்டிடி பூத்திலிருந்து ஈப்போவுக்குப் பேசினாள். துரைக்கண்ணு ரப்பர்த் தோட்டக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமான குரல்.

“உங்க மெயில் வந்துச்சேம்மா. ஒண்ணாந்தேதி அனுப்புறேன்னு போட்டிருந்துச்சே.”

“அது நான் சொன்னதில்லை. கடை சொன்னது. எங்காத்துல தீட்டு. இருபத்தேழு வரைக்கும் நான் எதையும் ஒத்துக்கக் கூடாது. இருபத்தெட்டாந்தேதி குளிச்சுட்டு நானே கூப்பிட்டு, முடியும் முடியாதுன்னு சொல்றேன். நடுவுல வேற எடத்துல குடுக்கறதா இருந்தா குடுத்துடுங்கோ. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.”

கடைசி வாக்கியம் பொய். அவருக்கும் அது கேட்டிருக்கும். “கமிட்டில வெச்சுத்தான் சொல்லணும்மா” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஆறு நாளும் மங்கை தையல் அறைப் பக்கம் போகவில்லை. பாயும் போன் செய்யவில்லை. ஸ்ரீகர் ஒருநாள் சாப்பிடும்போது, “நீ சொல்லாத வார்த்தைக்கு நீ எப்படிப் பொறுப்பு?” என்றார். “என் பேர் போட்டிருந்ததே” என்று மோரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

28ஆம் தேதி விடியலில் தலைக்குக் குளித்து, வாசலில் கோலம் போட்டு, கோயிலுக்குப் போய்வந்து, எட்டு மணிக்கு பூத்தில் நின்றாள்.

“கமிட்டில ரெண்டு கட்சிம்மா” என்றார் துரைக்கண்ணு. “பினாங்குல ரெடிமேடா வாங்கிடலாம்னு ஒரு கட்சி. பொறுத்துப் பாக்கலாம்னு ஒரு கட்சி. கடைசியில எங்க பட்டாச்சாரியார் எழுந்தாரு. தீட்டுன்னு வேலையத் தள்ளி வெக்கிற அம்மா கையால தைச்சா அதைத்தான் சாத்துவேன், இல்லாட்டி போன வருசத்து வஸ்திரம் போதும்னுட்டாரு. இப்ப நீங்க சொல்லுங்க. வருமா?”

“ரெண்டாந்தேதி இங்கேர்ந்து கிளம்பும். இதை நான் சொல்றேன்.”

வீட்டுக்குத் திரும்பியபோது அஹமது பாஷா வாசலில் வண்டியில் உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளைத் துணி மூட்டை. உள்ளே மூன்று ஜோடிக் கரைகள், மாங்காய்க் கொடி, நடுவில் சங்கு. கண் இரண்டும் சிவந்திருந்தன.

“வேற எடத்துல குடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பேள், பாய்?”

“எம்பத்தாறு பை வெச்சிருக்கியேம்மா. எவரோ ஒருத்தருக்குப் பத்தாமலா போயிடும்?” என்று மூட்டையை நீட்டினார். “டிகாக்‌ஷன் இருக்குதா?”

நான்கு நாள் தையல். ஜூலை 2, சனிக்கிழமை, பார்சல் கிளம்பியது. 7ஆம் தேதி சேர்ந்தது. 10ஆம் தேதி சம்ப்ரோக்ஷணம். சரியாக அமைந்ததாகத் துரைக்கண்ணு தந்தி போல நான்கு சொல்லில் செய்தி அனுப்பினார்.

ஆனால் மற்ற இரண்டும் தவறின. லண்டனுக்கும் நியூ ஜெர்சிக்கும் அவள் எழுதிய செய்திகள் ஜூலை 4 வரை நிறுவனத்திலேயே கிடந்தன. 5ஆம் தேதி இரண்டு ஆர்டரையும் அவர்களே ரத்து செய்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, தாமதத்துக்காகக் கடையை முப்பது நாள் நிறுத்தி வைத்தார்கள். அந்த இரண்டு பேரும் யார் என்று மங்கைக்கு இன்றுவரை தெரியாது. நோட்டில் இரண்டு வரி எழுதினாள். இரண்டிலும் கடைசிக் கட்டத்தில், ‘சொன்ன தேதி தவறியது’. பதினொரு வருடத்தில் முதல்முறை.

ஆகஸ்டில் தனசேகரன் நேரில் வந்தான். நல்ல பையன். “மேலிடத்துல கேட்டேன் மேடம், மூடறதுக்கு ஒரு பட்டன் வேணும்னு. மத்த கடைக்காரங்க யாருமே கேக்கலையாம்” என்றான். மங்கை அவனுக்குக் காபி கொடுத்தாள். தெருக்கோடியில் அப்பளம் போடுபவரிடம் அவனை அவளே அழைத்துப் போய் அறிமுகம் செய்தாள். அப்பளத்துக்கு அளவு மூன்றே, அவர் வருடத்தில் ஒருநாளும் மூடுவதில்லை, விலாசம் யாரிடம் இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. அந்தக் கடை அவருக்குப் பல வருடம் நன்றாகவே நடந்தது.

தனக்கு வேண்டியது என்ன என்பது மங்கைக்கு இப்போது தெரிந்திருந்தது. தாவீதிடம் போய் மூன்றே விஷயம் சொன்னாள். வாங்குகிறவர் பேரும் விலாசமும் என் கையில் இருக்க வேண்டும். நான் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை ஏற்றுக்கொண்டதாக யாருக்கும் ஒரு வார்த்தை போகக் கூடாது. நினைத்தபோது மூட வேண்டும்.

செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை, சொந்தப் பெயரில் கடை திறந்தது. கார்டில் பணம் வாங்கும் வசதி இல்லை, வங்கி வழியாகத்தான். பார்க்கவும் பழைய கடை அளவுக்கு அழகில்லை. ஆனால் தாவீது ஒரு கதவு செய்திருந்தான். ஓர் இடத்தில் தட்டினால் கடை முழுவதும் மறைந்து, பித்தளைக் குமிழ் வைத்த மரக்கதவின் படம் வரும், கீழே திறக்கும் தேதி. அதைச் செய்யத்தான் அந்த வருடம் வேளாங்கண்ணிக்கு இரண்டு நாள் தாமதமாகப் போனான்.

“கதவு சாத்துற சத்தம்கூட வெச்சிடட்டுமா மாமி?”

“வேண்டாம்.”

“மணி?”

“தாவீது.”

சொந்தக் கடையின் சங்கடமும் வந்து சேர்ந்தது. 2006 பிப்ரவரியில், இடம் வாடகைக்கு எடுத்திருந்த சர்வர் பழுதாகி எல்லாம் போயிற்று. தாவீது கடைசியாகப் பிரதி எடுத்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வந்த நான்கு ஆர்டர் திரையில் இல்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மங்கை பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். செவ்வாயும் வெள்ளியும் வந்த ஒவ்வோர் ஆர்டரையும் அச்செடுத்து அதில் ஒட்டியிருந்தாள். நான்கும் இருந்தன. அன்று அவள் அவனைத் திட்டவில்லை. பிரதி எடுக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். மூன்று வெள்ளிக்கிழமை ஆயிற்று. நாலாவது வெள்ளியிலிருந்து அவளே குறுந்தகட்டில் எடுத்து, மேலே தேதி எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

2006 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீகரின் சித்தப்பா பேரனுக்கு மைசூரில் ஆண் குழந்தை பிறந்தது. பிறப்புக்கும் பத்து நாள் தீட்டு உண்டு. மங்கை உடனே தாவீதுக்குப் போன் செய்தாள். பத்து நிமிடத்தில் கதவு சாத்தியாயிற்று. கீழே, ‘எங்கள் குடும்பத்தில் தீட்டு. கடை 22ஆம் தேதி திறக்கும்.’ கதவு முதல்முறையாகச் சாத்தப்பட்டது அன்றுதான்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குச் சென்டருக்குள் நுழைந்தபோது தாவீது வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

“இன்னா மாமி, இப்படி ஆயிப்போச்சி. வந்து பாருங்க.”

பதினொரு மின்னஞ்சல். பதினொன்றும் இரங்கல். ஈப்போவிலிருந்து கமிட்டி சார்பில் ஆழ்ந்த அனுதாபங்கள். சிட்னியில் ஓர் அம்மாள் போனவரின் ஆத்மா நற்கதி அடைய ஸஹஸ்ரநாமம் சொல்ல ஆரம்பித்திருந்தாள், மூன்று நாள் சொல்வதாக உத்தேசம். சிகாகோவில் ஒருவர், தன் வீட்டுக் கிருஷ்ணனுக்கு அவசரமில்லை, அடுத்த மாதம் போதும், அம்மா மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். டர்பனில் ஒருவர் போனது யார், என்ன வயது என்று கேட்டிருந்தார்.

“ஒரு கொழந்த பொறந்ததுக்கு எத்தினி பேர் அழுதுக்கினு இருக்காங்க பாருங்க” என்று தாவீது வெடித்துச் சிரித்தான்.

“சிரிக்காதே. சிட்னியிலே இப்போ மணி என்ன?”

“சாயங்காலம் நாலரை இருக்கும்.”

“அப்போ அவளுக்கு முதல்ல. இன்னிக்கு சாயங்காலமும் சொல்லப் போறா, பாவம்.”

மங்கை உட்கார்ந்து ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றிலும் பெயர் போட்டு, நமஸ்காரம் போட்டு, யாரும் போகவில்லை, மைசூரில் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் சௌக்கியம் என்று தனித்தனியாக. எல்லோருக்கும் ஒன்றையே அடித்து அனுப்பிவிடலாம் என்று தாவீது சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. டர்பன்காரருக்கு மட்டும் குழந்தையின் எடையையும் சேர்த்து எழுதினாள்.

மணி ஒன்றே முக்கால் ஆயிற்று. பதினோராவது பதிலை அனுப்பியபோது பன்னிரண்டாவது கடிதம் வந்து விழுந்தது. மங்கை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதைத் திறந்தாள்.